கயிற்றில் கட்டிய அறை

“புடிக்கா! விட்டுடாதே, சாயுது பாரு!”

மண்ணில் மண்டியிட்டிருந்த தம்பி ஸ்பேனர், கம்பத்தின் அடியில் ஒரு செங்கல் துண்டைச் செருகிச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டர் சீருடையிலேயே ஓடிவந்த அக்கா, கம்பத்துக்குத் தோளால் முட்டுக்கொடுத்தபடி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீக்கிரம்டா. அந்த அதிகாரியம்மா வந்துட்டா என்ன பண்றது?”

“வந்தா பேச்சுக் குடு. கண்ணாடிக்குப் பின்னால உக்காந்துகிட்டு ‘அடுத்த கவுன்ட்டர், அடுத்த கவுன்ட்டர்’னு ஊரையே விரட்டுறவ நீ. ஒரு ஆளைச் சமாளிக்க மாட்டியா?”

“வாயை மூடிட்டு அடி.”

நேற்று மாலைவரை நான்கு கம்பங்களும் விறைப்பாக நின்றன. விடிந்து பார்த்தால் மூன்று கம்பங்கள் மூன்று திக்கில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றை இழுத்துப் பிடித்திருந்த கயிறு காணோம். யாரும் அறுக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சாகப் பொறுமையாய் அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, பின்கட்டு மண்ணில் ஓரிடத்தில் வைத்திருந்தார்கள்.

சரியாக அந்த இடத்தில்.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் காலடி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்காவின் கணவரைத் தெருவே ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனிதர். ஒரு சாயங்காலம், சமையலறைக்கு மேலே இருக்கும் தொட்டியைப் பார்க்க ஏறியவர், இறங்கும்போது பின்கட்டில் அந்த இடத்தில்தான் முதுகு அடிபட விழுந்தார். ஏணி சறுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். கீழே இருப்பது சக்கர நாற்காலி திரும்பக்கூட இடமில்லாத நடை. ஆகவே, பின்கட்டில் ஓர் அறை கட்ட வேண்டும். அனுமதி கையில் இருந்தால், அறை எழும்பும்வரை மருத்துவமனையே அவரை வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இந்த வாரத்தோடு வேறோர் ஊரிலுள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடும். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததாக அக்கா கேள்விப்பட்டதில்லை.

அனுமதி தரும் நகராட்சிக்கு ஒரு விநோத வழக்கம். வரைபடத்தை மட்டும் அது நம்பாது. வரப்போகும் அறையின் அதே அளவுக்கு, அதே உயரத்துக்குக் கம்பம் நட்டுக் கயிறு கட்டிக் காட்ட வேண்டும். அக்கம்பக்கத்தார் பார்த்துப் பழக வேண்டும். அதிகாரி வரும்போது அது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மனு தள்ளுபடி; மறுபடி ஆனா, ஆவன்னாவிலிருந்து ஆரம்பம்.

கட்டிய நாளிலிருந்து அந்தக் கயிற்று அறை வீட்டையே பிடித்து ஆட்டியது. சுவரே இல்லாத அறைதான். ஆனாலும் யாரும் கயிற்றுக்கு அடியில் குனிந்து குறுக்கே போகவில்லை. கதவுக்கென்று விட்ட இடைவெளி வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போனார்கள். அதன் பக்கத்தில் வந்தால் குரல் தானாகத் தணிந்தது. காற்றடித்தால் கயிறு முனகியது. இருட்டும் நேரத்தில் அதற்குள்ளே யாரோ புரண்டு படுப்பதைப்போல் மண்ணில் நிழல் அசைந்தது.

“எல்லாம் அந்தப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வேலைதான்” என்றான் ஸ்பேனர், இரண்டாவது கம்பத்தை நிமிர்த்திக்கொண்டே. “பல்லையே புடுங்குறவருக்குக் கம்பம் எம்மாத்திரம்?”

“அவரா? அவருக்குச் சுவரேறிக் குதிக்கிற உடம்பா அது?”

“டாக்டர் இல்ல. நான்தான்.”

பின்வாசலில் நண்டு நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம். தோளில் பை, காலில் செருப்பு. ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை.

அக்காவின் கை தானாக ஓங்கியது. கம்பம் சாயத் தொடங்கியது. ஓங்கிய கையை மறுபடி கம்பத்திலேயே வைத்துக்கொண்டாள்.

“ஏன்டி? உங்கப்பன் வீட்டுக்கு வர்றது உனக்குப் புடிக்கலையா?”

“என் ஜன்னலைத் திறந்தா இதுதாம்மா தெரியுது. கயித்துக்குள்ள அப்பா படுத்திருக்காரு. அன்னிக்கு நான் காலேஜ்லேர்ந்து வந்து பார்த்தப்போ கிடந்தாரே, அதே மாதிரி. ஒரு கை அடியில மாட்டிக்கிட்டு.” நண்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். “விழுந்த இடத்துலயே கொண்டாந்து கட்டில் போடுறீங்க. உங்க யாருக்குமே ஒண்ணும் தோணலையா?”

“வேற இடம் எங்க இருக்கு? நடையிலயா? அலமாரி மேலயா?”

“எனக்குத் தெரியாதும்மா. எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்.”

ஸ்பேனர் சுத்தியலைக் கீழே வைத்தான். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கறை ஏறிய கைகள். மீட்டர் விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டின் தூண் அவன்தான். வரைபடம் போட ஆள் பிடித்தது, நகராட்சிப் படிக்கட்டைத் தேய்த்தது, தினமும் வேலை முடிந்ததும் மருத்துவமனைக்குப் போய் அத்தானின் கால்களைப் பிடித்துவிடுவது, எல்லாம் அவன்.

“நண்டு, இங்க வா.”

“மாட்டேன் மாமா.”

“சரி, அங்கேயே நில்லு. விழுந்த இடம்னு நீ பார்க்கிற. நான் எப்படிப் பார்க்கிறேன் தெரியுமா? அத்தான் இங்க சாய்ஞ்சு உக்காந்துகிட்டு, ‘ஏய், அந்தக் குழாயை ஒழுங்கா மூடுங்கடா’ன்னு நம்மளையெல்லாம் விரட்டப்போறாரு. அந்தச் சத்தம் கேட்டுட்டா, நீ பார்த்த உருவம் தானா எழுந்து ஓடிடும்.”

நண்டு சிரிக்கவில்லை. ஆனாலும் பையைக் கழற்றி வைத்துவிட்டு, படியிலிருந்தே கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி முடிச்சு விழும்போது வாசல் மணி அடித்தது.

அதிகாரியம்மா நெட்டையான மனுஷி. கையில் அளவு நாடா, தலையில் அகலத் தொப்பி. வந்தவர் வீட்டுக்காரர்களைப் பார்ப்பதற்கு முன் கம்பங்களைத்தான் பார்த்தார். நீளம் அளந்தார், உயரம் அளந்தார். பிறகு கதவுக்கான இடைவெளி வழியே உள்ளே போனார். போகும்போது தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார், இல்லாத நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல்.

நண்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அறையின் நடுவில் நின்ற அதிகாரியம்மா முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். “இங்க மட்டும் என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

“நிழல் விழுற இடம் மேடம்” என்றான் ஸ்பேனர் அவசரமாக.

இடப்பக்கத்து வீட்டிலிருந்து பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்துவிட்டார். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் இருவர். அதில் சத்தமான ஆள் இவர்.

“எனக்கு இவங்க மேல ஒரு விரோதமும் கிடையாது மேடம். ஆனா இங்க வரப்போற ஜன்னல் நேரா என் நோயாளி நாற்காலியைப் பார்க்குது. வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கிறவங்களுக்கு எதிர்ல ஒரு முகம் தெரிஞ்சா எப்படி இருக்கும்?”

“டாக்டர், அந்தப் பக்கமும் யோசிங்க” என்றான் ஸ்பேனர். “உங்க மெஷின் சத்தத்தைக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுட்டுப் படுத்திருக்கப்போறது எங்க அத்தான். நியாயமா எதிர்ப்பு தெரிவிக்க வேண்டியவர் அவர்.”

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஜன்னலைப் பால்கண்ணாடி போட்டு உயரத் தூக்கிவைத்தால் போதுமா என்று கேட்டார். டாக்டர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். பிறகு, காத்திருக்கும் நோயாளி ஒருவர் உள்ளேயிருந்து முனகியதும், “சரி, சரி” என்று ஓடிப்போனார்.

மிச்சம் ஒருவர். வலப்பக்கத்து வீட்டு டீச்சர்.

தனியாக இருப்பவர், பணி ஓய்வு பெற்றவர். இரு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். மீட்டர் விழுந்த அன்று அந்தச் சுவரைத் தாண்டி முதலில் ஓடிவந்தவர் அவர். ஆம்புலன்ஸுக்குச் சொன்னவர் அவர். அதன் பிறகும் மருத்துவமனைக்குப் போய் மீட்டருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டி வருபவர். அப்படிப்பட்டவர் இந்த அறைக்கு எதிர்ப்பு என்று கேட்டபோது, ஆள் மாறாட்டம் ஆகியிருக்கும் என்றுதான் அக்கா நினைத்தாள்.

அதிகாரியம்மா டீச்சரின் சமையலறைக்குப் போய், ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் குழப்பம்.

“வெளிச்சம் குறையல. காத்து மறையல. ‘அப்புறம் என்னம்மா கஷ்டம்?’னு கேட்டா, ‘அந்த அறை வேண்டாம்’ங்கிறாங்க. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல.” தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “காரணம் சொல்லாத எதிர்ப்பு செல்லாது. ஆபீஸ் மூடுறதுக்குள்ள வந்து சொல்லச் சொல்லியிருக்கேன். வரலைன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்.”

“வந்து சொன்னா?” என்று கேட்டாள் அக்கா.

“சொல்ற காரணத்தைப் பொறுத்தது.”

அவர் போனதும் ஸ்பேனர் நண்டின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். “கிணறு தாண்டியாச்சு!”

“பாதிக் கிணறுதான்டா” என்றாள் அக்கா.

மதியத்துக்கு மேல் நண்டு கல்லூரிக்குப் போனாள். அக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அடுக்கிய பாத்திரத்தையே மறுபடி அடுக்கிக்கொண்டு, கண்ணை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்திருந்தாள். வெயில் தாழ்ந்த நேரம். டீச்சர் தலையை வாரிக்கொண்டு, குடையும் கைப்பையுமாக வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

அக்கா பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க டீச்சர்?”

டீச்சர் பூட்டிலிருந்து சாவியை எடுக்கவில்லை. “உனக்குத் தெரியுமேம்மா.”

“காலையில வராத காரணம் இப்போ வந்துடுச்சா?”

“பொய்யா ஒண்ணு சொல்லணும். காலையிலேர்ந்து அதைத்தான் தேடுறேன். சர்வீஸ் முழுக்க அடுத்தவங்க பொய்யைக் கண்டுபிடிச்சே பழகிட்டேன். சொந்தமா ஒண்ணு சொல்ல வரமாட்டேங்குது.”

“அப்போ உண்மையைச் சொல்லுங்க. என்கிட்டயே சொல்லுங்க. எங்க குடும்பம் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? அவரைத் தூக்கி வண்டியில ஏத்தினது நீங்க. இப்போ வீட்டுக்கு வரவிடாம மறிக்கிறதும் நீங்களா? எங்கேயோ ஒரு ஊர்ல, யாரோ முகம் தெரியாதவங்க கையில கிடந்து அவர் சாகணுமா?” அக்காவின் குரல் உடைந்தது. “உங்களைக் கூடப்பிறந்தவளா நினைச்சேனே டீச்சர்.”

டீச்சர் சாவியைத் திருப்பிப் பூட்டைத் திறந்தார்.

“உள்ள வா.”

சமையலறையில் விளக்குப் போடவில்லை. சின்ன மேஜை, ஒற்றை நாற்காலி, சுத்தமாகத் துடைத்த அடுப்பு. எதிரே ஜன்னல். ஜன்னல் நிறையக் கயிற்று அறை. இந்தப் பக்கத்திலிருந்து அக்கா அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தன் வீட்டுப் பின்கட்டு மாதிரியே இல்லை. மாலை வெளிச்சத்தில் கயிறுகள் மட்டும் வெளுத்து, மீதியெல்லாம் மங்கி, யாரோ அப்போதுதான் எழுந்து வெளியே போன அறைபோல இருந்தது.

“உக்காரு.”

“வேண்டாம். சொல்லுங்க.”

“எதிர்ப்பு சொல்லச் சொன்னது உன் வீட்டுக்காரர்.”

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “பொய் சொல்ல வராதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“வராது. அதனாலதான் இதைச் சொல்றேன்.”

“அவர் எதுக்கு அப்படிச் சொல்லணும்? வீட்டுக்கு எப்போ வருவோம்னு அவர் தவிக்கிற தவிப்பு...”

அந்த வாக்கியத்தை அக்காவால் முடிக்க முடியவில்லை. மீட்டர் எதையெல்லாமோ விசாரிப்பார். நண்டின் பரீட்சை, ஒழுகும் குழாய், தெருவில் தோண்டிய பள்ளம் மூடியாயிற்றா. ஆனால் வீட்டுக்கு எப்போது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஸ்பேனர் வந்து கால்களைப் பிடித்துவிட உட்கார்ந்ததும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வெட்கம் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“என்னை வேண்டாங்கிறாரா டீச்சர்?”

“அடி பைத்தியக்காரி. உன்னைப் பார்க்காம ஒரு நாள் போனா அவருக்குச் சோறு இறங்காது. நான் செய்தித்தாள் படிக்கப் போறப்போ, அவர் கேட்கிறது பாதி உன்னைப் பத்தின சேதிதான்.”

“அப்புறம்?”

“அவர்கிட்ட நீ நேரா கேட்டா சொல்லிடுவார். நீ கேட்டுடக் கூடாதுன்னுதான் என்னை முன்னால நிறுத்தினார். ‘நகராட்சியே வேண்டாம்னு சொல்லிட்டா, யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம நான் தூரமாப் போயிடுவேன் டீச்சர்’னார்.”

“எதுக்குத் தூரமாப் போகணும்?”

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

பின்கட்டில் ஸ்பேனர் தனியாக இருந்தான். கட்டில் எங்கே வரும் என்று அளந்து பார்க்கிறான் போலிருக்கிறது. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால், தானே மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டான். தலை இங்கே, கால் அங்கே என்று குதிகாலால் கோடு கிழித்தான். பிறகு அப்படியே அசையாமல், கயிற்றுக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு கை முதுகுக்கடியில் மாட்டியிருந்தது.

“எழுந்திருக்கச் சொல்லுங்க அவனை” என்றாள் அக்கா. தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை.

“‘அந்த அறையில நான் படுத்திருப்பேன்’னார் உன் வீட்டுக்காரர். ‘தினமும் அவன் வந்து என் காலைப் பிடிச்சுவிடுவான். ஜோக் அடிப்பான். என் அழுக்கையெல்லாம் துடைச்சுவிடுவான். எனக்கும் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்குமா? வலி தாங்காத நாள் ஒண்ணு வரும். அன்னிக்கு என் வாயிலேர்ந்து விழுந்துடும் டீச்சர். விழுந்துடுச்சுன்னா, அப்புறம் அவன் உயிரோட இருக்க மாட்டான்.’”

“எது விழுந்துடும்?”

டீச்சர் குடையை மேஜைமேல் வைத்தார். அது உருண்டது, இருவருமே பிடிக்கவில்லை.

“உன் தம்பி வேலையில ஒரு கட்டுப்பாடு உண்டாமே. ஆள் இல்லாம ஏணி சாத்தியிருந்தா அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது, எடுத்துக் கீழே படுக்க வெச்சுடணும்னு.”

அக்காவுக்குத் தெரியும். விருந்துக்குப் போன வீட்டில்கூட அப்படிச் செய்து திட்டு வாங்கியிருக்கிறான். அவன் கை அது. அவனைக் கேட்காமலே செய்யும்.

“எல்லாரும் வந்து பார்த்தப்போ ஏணி சுவரோரமா கிடந்துச்சு. சறுக்கிடுச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. தான் போனதுக்கப்புறம் அவர் மறுபடி சாத்தி ஏறியிருப்பார்னு உன் தம்பி நினைச்சுட்டிருக்கான். மீட்டர்தான் நம்பல. படியில கால் வெச்சுப் பார்த்தவருக்குத் தெரியாதா, அங்க படியே இல்லைன்னு? ‘ஜன்னல்ல நின்னீங்களே டீச்சர், யாரு?’ன்னு என்னைக் கேட்டார். எனக்குப் பொய் வரலம்மா.”

வெளியே ஸ்பேனர் எழுந்து உட்கார்ந்து, இந்த ஜன்னலில் அக்காவைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து, கட்டில் தாராளமாக வரும் என்று சைகை காட்டிச் சிரித்தான்.

“அன்னிக்கு அவர் தொட்டிக்குப் பின்னால குனிஞ்சிருந்தார். கீழேயிருந்து பார்த்தா தெரியாது, எனக்கும் தெரியல. ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பின உன் தம்பி ஏணியை எடுத்துப் பத்திரமா படுக்க வெச்சுட்டு, விசில் அடிச்சுக்கிட்டே போனான். மேல ஆள் இருக்கிறது அவனுக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”